பல்லைக் கடித்தல்: தாடைநோய் கண்டறிதலில் ஒரு தமிழ்த் தொடரின் பொருட்சிக்கல்

ஆய்வுச்சுருக்கம்

தாடை மூட்டிலும் மெல்லும் தசைகளிலும் வலியுடன் வருவோருக்குப் பல் அரைக்கும் பழக்கமோ பல்லை இறுக்கும் பழக்கமோ உண்டா என்று கண்டறிவது பல் மருத்துவத்தின் நெடுநாளைய சிக்கல்களுள் ஒன்று. அதன் முதற்படி நோயாளியின் வாய்மொழியாகும். மருத்துவம் தனித்தனியே பிரித்து வினவும் செயல்கள் தமிழ்ப் பேச்சில் பெரும்பாலும் 'பல்லைக் கடித்தல்' என்னும் ஒரே தொடருக்குள் அடங்கிவிடுகின்றன. அதே தொடர் பொறுத்துக்கொள்ளுதல் என்னும் மரபுப் பொருளையும் தாங்கி நிற்கிறது. மறுபுறம், நோயாளி தம் செயலை எவ்வாறு அறிந்தார் என்பதை உணர்த்தும் இடைச்சொல் தமிழில் உண்டு. நோய்க்குறிப்பேட்டில் அது பதிவாவதில்லை. கொங்குத் தமிழ் பேசும் நோயாளியை முன்னிறுத்தி இவ்விரண்டையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பல்லைக் கடித்தல், தாடை மூட்டு, நறநற, இடைச்சொல் 'ஆம்', கொங்குத் தமிழ், வினாநிரல், மருத்துவத் தமிழ்.

முன்னுரை

கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரம், அந்நகரின் நகராட்சித் தலைவராக விளங்கிய இரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத் தாங்கியது. பேரூர், தொண்டாமுத்தூர்ப் பக்கத்திலிருந்து மருத்துவம் நாடி அங்கே ஒரு பெண் வருவதாகக் கொள்வோம். காதுக்கு முன்புறம் வலிக்கிறது. கொட்டாவி விட்டால் வாய் முழுதும் திறக்கவில்லை. காலையில் எழும்போது நெற்றிப்பொட்டு கனக்கிறது. காதுநோய் என்றெண்ணிக் காது மருத்துவரிடம் முன்னரே சென்று வந்திருப்பார். இப்போது பல் மருத்துவர் "பல்லைக் கடிப்பீங்களா?" என்று கேட்கிறார். விளக்கத்துக்காக நான்கு விடைகளை அமைத்துக்கொள்ளலாம்.

"கடிக்கறனுங்க."

"ராத்திரியில கடிக்கறனாமுங்க, எங்கூட்டுக்காரரு சொல்றாரு."

"சின்னதுல வயித்துல பூச்சி இருந்தப்பக் கடிப்பனாமுங்க."

"எல்லாத்தையும் பல்லக் கடிச்சுட்டுத்தானுங்க இருக்கறேன்."

நான்கும் நான்கு வேறு செய்திகள். முதல் விடை தன் அறிவைச் சொல்கிறது. இரண்டாவது பிறர் கேட்ட ஒலியைச் சொல்கிறது. மூன்றாவது, குழந்தை தூக்கத்தில் பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்னும் நாட்டு நம்பிக்கையின் வழியே பழங்கதை ஒன்றைச் சொல்கிறது. நான்காவது விடை பல்லைப் பற்றியதே அன்று. அது வாழ்வைப் பற்றியது. ஆனால் நோய்க்குறிப்பேட்டில் நான்குக்கும் ஒரே கட்டத்தில் ஒரே குறி இடப்பட இடமுண்டு. அக்குறி சிகிச்சையையே திருப்பிவிடும்: இரவில் அணியும் பற்காப்பு, தேய்ந்ததாகக் கருதப்படும் பற்களைச் செப்பனிடல், சில இடங்களில் நல்ல பல்லின் முகட்டையே அராவிச் சமன்செய்தல். அராவிய பல் மீண்டும் வளர்வதில்லை.

நோய் நாடும் மூன்று படிகள்

பல் அரைத்தலும் இறுக்கலும் மருத்துவ நூல்களில் 'புரக்சிசம்' என்னும் பெயரில் ஒன்றாக வழங்குகின்றன. பிராங்கு லொப்பெசூ முதலிய பன்னாட்டு அறிஞர் குழுவினர் 2013இல் இதற்கு வரையறை தந்து, 2018இல் அதனைத் திருத்தினர். விழிப்பில் நிகழ்வது வேறு, தூக்கத்தில் நிகழ்வது வேறு என்பது அவர்தம் முதற்கொள்கை. நலமாக உள்ள ஒருவரிடம் காணப்படும்போது இது நோயன்று, ஒரு செயற்பாடே என்பது 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் குறிப்பிடத்தக்க கூற்று.

கண்டறிதலை அக்குழுவினர் மூன்று படிகளாக வகுத்தனர். நோயாளியின் கூற்று மட்டும் இருப்பின் 'இருக்கக்கூடும்' என்ற அளவே சொல்லலாம். மருத்துவர் வாயினுள் தடயம் கண்டால் 'இருக்க மிகுதியும் வாய்ப்புண்டு' எனலாம். கருவிவழிப் பதிவு இருந்தால்தான் 'உறுதி' எனலாம். தமிழ் மாணவர்க்கு இப்பகுப்பு புதியதாகத் தோன்றாது. உரை, கருதல், காண்டல் எனச் சைவ சித்தாந்தம் கூறும் அளவைகளை இப்படிகள் தலைகீழ் வரிசையில் நினைவூட்டுகின்றன. ஒரு வேறுபாடு உண்டு. சித்தாந்தத்தில் உரையளவை ஐயமற அறிந்தோரின் வாக்கு; இங்கு உரைப்பவரோ, செயல் நிகழ்ந்தபோது தூங்கிக்கொண்டிருந்தவர்.

காண்டல் என்னும் உறுதிப்படிக்கு ஒருவர் தூக்க ஆய்வகத்தில் இரவைக் கழிக்க வேண்டும். கன்னத் தசையில் மின்முனைகள் ஒட்டப்படும். ஒலியும் ஒளியும் பதிவாகும். தாடைத் தசைகளின் தாளமுறைச் சுருக்கங்கள் மணிக்கு எத்தனை முறை வருகின்றன என்று எண்ணப்படும். ஆர்.எஸ்.புரத்துக்குப் பேருந்தில் வந்து மாலைக்குள் ஊர் திரும்ப வேண்டிய நோயாளிக்கு இது எளிதில் வாய்ப்பதன்று.

கருதல் என்னும் இரண்டாம் படிக்குரிய தடயங்கள் பல. நாக்கின் ஓரத்தில் பற்களின் அச்சு பதிந்திருக்கும். கன்னத்தின் உட்புறத்தில் வெண்கோடு ஓடும். கன்னத் தசை புடைத்திருக்கும். பற்களின் முகடுகள் பளபளவெனத் தட்டையாகத் தேய்ந்திருக்கும். இவற்றுள் தேய்மானமே கண்ணில் முதலில் படுவது. அதுவே மிகுதியும் ஏமாற்றுவதும். பத்தாண்டுக்கு முன் நின்றுபோன பழக்கத்தின் தேய்மானமும் இன்றைய பழக்கத்தின் தேய்மானமும் ஒன்றுபோலவே தோன்றும். செங்கற்பொடி, சாம்பல், கரித்தூள் கொண்டு பல் துலக்கிய தலைமுறையினர் இன்னும் உள்ளனர். வெற்றிலை பாக்கை அதக்கி மெல்வோருக்குத் தேய்மானமும் தசைப் புடைப்பும் வேறு காரணத்தால் வரும். கொங்கின் வடபால், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பது அறியப்பட்ட செய்தி. அந்நீர் பருகி வளர்ந்தோரின் பற்பூச்சு உதிர்வதைத் தேய்மானமாகக் கொள்ளும் பிழையும் நேரலாம்.

ஆகவே நடைமுறையில் எஞ்சுவது உரையே. தாடைநோய்களைக் கண்டறிய 1992இல் ஆய்வுப் பயன்பாட்டுக்காக வகுக்கப்பட்டு, 2014இல் மருத்துவமனைப் பயன்பாட்டுக்கும் விரிவாக்கப்பட்ட பன்னாட்டு அளவுகோல்களும் உரையையே முதலில் கேட்கின்றன. கடந்த 30 நாள்களில் தாடை, நெற்றிப்பொட்டு, காது, காதின் முன்புறம் ஆகிய இடங்களில் வலி இருந்ததா, வாயசைவும் மெல்லுதலும் பல்லை இறுக்கும் பழக்கமும் அவ்வலியை மாற்றுகின்றனவா என்று அவை வினவுகின்றன. அதன் பின்னரே மருத்துவர் விரலால் தசையை அழுத்தி, "இதே வலிதானா?" என்று கேட்பார். நோயாளி முன்பே அறிந்த வலி மீண்டும் எழுந்தால்தான் அது கணக்கில் வரும். இங்கும் முடிவைத் தருவது நோயாளியின் சொல்லே.

அச்சொல் எவ்வளவு நம்பத்தக்கது? கேரன் ரஃபேல் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இவ்வினாவைக் கூர்மையாக எழுப்பியது. தாடைத் தசைவலி உடைய பெண்கள் 124 பேரும் வலியில்லாதோர் 46 பேரும் தூக்க ஆய்வகத்தில் ஆராயப்பட்டனர். தூக்கத்தில் பல் கடிப்பதாகத் தாமே கூறியோர் வலியுடையோரில் 55.3 விழுக்காடு, மற்றவருள் 15.2 விழுக்காடு. கருவிப் பதிவோ முறையே 9.7 என்றும் 10.9 என்றும் காட்டியது. உரையில் பெருவேறுபாடு, காட்சியில் வேறுபாடே இல்லை.

பெண்கள் பொய்யுரைத்தனர் என்பது இதன் பொருளன்று. வலி உடையவர் தம் வலிக்குக் காரணம் தேடுகிறார். 'நீங்கள் பல்லைக் கடிக்கிறீர்கள்' என்று ஒரு மருத்துவர் முன்பு சொல்லியிருந்தால் அடுத்த மருத்துவரிடம் அதையே தம் அறிவாகச் சொல்கிறார். அவ்வாய்வு ஆங்கிலம் வழங்கும் நாட்டில் நிகழ்ந்தது. ஆங்கிலத்தில் அரைத்தலுக்கும் இறுக்கலுக்கும் தனித்தனி வினைகள் உண்டு. அங்கேயே உரை இத்தனை வழுவுமானால், இரண்டையும் ஒரே தொடரில் அடக்கும் மொழியில் கேள்வியைக் கேட்கும் முறையிலேயே கவனம் தேவை.

ஒரு தொடர், பல செயல்கள்

பல பொருள் குறித்த உரிச்சொல்லாகத் தொல்காப்பியம் காட்டும் 'கடி' வேறு. வினையாகிய இக் 'கடி' வேறு. எனினும் வினையும் எளிதில் பிடிபடுவதன்று. 'பல்லால் கடித்தான்' என்னும்போது பல் கருவி. கடிபடுவது கரும்போ முறுக்கோ ஆகும். 'பல்லைக் கடித்தான்' என்னும்போது கருவியே செயப்படுபொருளாகிவிடுகிறது. கடிக்க ஒன்றும் இல்லாத கடி இது. உணவின்றித் தாடை இயங்கும் செயற்பாட்டை மருத்துவர் புறச்செயல் என்று தனியே பிரிக்கின்றனர். வேற்றுமையுருபு ஒன்றை மாற்றித் தமிழ் அதனை முன்பே பிரித்து வைத்திருக்கிறது. பிரித்ததோடு நின்றுவிட்டது என்பதே சிக்கல். அரைத்தாலும் இறுக்கினாலும் சொல்வது 'பல்லைக் கடித்தல்' என்றுதான்.

கிரேக்கத்திலும் இந்நிலை ஓரளவு உண்டு. புரக்சிசம் என்னும் பெயர், பற்களை நெரித்தலைக் குறிக்கும் கிரேக்க வினையடியிலிருந்து வந்தது. 1907இல் பிரெஞ்சு மருத்துவ எழுத்தில் அது 'புரக்சோமேனி' என்ற வடிவில் தோன்றியது. அதே அடியிலிருந்து பிறந்த 'புருக்மோஸ்' என்னும் பெயர்ச்சொல் மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் வருகிறது. தமிழ் விவிலியம் அதனைப் 'பற்கடிப்பு' என்று பெயர்த்தது. இன்றைய நோய்ப்பெயரின் உறவுச்சொல்லுக்குத் தமிழில் பெயர் வைத்தவர் மருத்துவர் அல்லர், விவிலிய மொழிபெயர்ப்பாளர். அங்கு அது நோயையன்றித் துயரின் மெய்ப்பாட்டைக் குறிக்கிறது.

ஒலிக்குறிப்பால் செயலை வேறுபடுத்துவது தமிழின் இயல்பு. பல் அரைத்தலுக்கு 'நறநற' என்னும் இரட்டைக்கிளவி உண்டு. ஆனால் ஒலியால் பெயர் பெறும் மொழியில் ஒலியில்லாச் செயலுக்கு என்ன பெயர்? பல்லை இறுக்குதல் ஓசையற்றது. பக்கத்தில் படுத்திருப்பவரும் அறியார். விழிப்பில் நிகழ்வது பெரும்பாலும் இவ்வோசையற்ற இறுக்கமே. தாடைத் தசைவலியோடு வருபவரிடம் கேட்டறிய வேண்டிய முதன்மையான செயல் தமிழ்ப் பேச்சில் பெயரின்றி இருப்பதற்கு இதனையும் ஒரு காரணமாகக் கருதலாம்.

'நறநற'விலும் ஓர் இடர் உண்டு. கீரையில் மண் இருந்தால் வாய் 'நறநற' என்கிறது. தாடை மூட்டின் பரப்புச் சிதைந்து வாயசைக்கும்போது உரசும் ஒலியையும் நோயாளி அச்சொல்லாலேயே சொல்லக்கூடும். மூட்டில் வட்டு இடம்பெயர்ந்து எழும் ஒற்றை ஒலி 'சொடக்கு'. தேய்ந்த மூட்டின் உரசல் 'நறநற'. பல்லின் அரைப்பும் 'நறநற'. முதலிரண்டையும் மருத்துவ அளவுகோல் வெவ்வேறு நோய்களின் குறியாகக் கொள்கிறது. ஆகவே "நறநறங்குது" என்பவரிடம் "எங்கே?" என்று கேட்டாக வேண்டும்; அவர் விரல் காதின் முன் நிற்கிறதா, கடைவாயில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இறுக்குதலுக்குப் பேச்சுவழக்கில் நெருங்கிய சொல் 'கிட்டுதல்'. 'பல்லு கிட்டிக்கிச்சு' என்பர். இறுக்கிப் பிடிக்கும் கருவிக்குக் 'கிட்டி' என்று பெயர். சென்னை மாகாணத்தில் வரி தண்ட அக்கருவி பயன்பட்டதை 1855ஆம் ஆண்டுச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை பதிவு செய்துள்ளது. பொருளளவில் இதைவிடப் பொருத்தமான சொல் அரிது. ஆயினும் பல் கிட்டுதல் என்றவுடன் வலிப்பும் மயக்கமும் நினைவுக்கு வருகின்றன. "பல்லு கிட்டுமா?" என்று கேட்டால் எவரும் "ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க" என்றே மறுப்பர். கலைச்சொல்லாக்கத்துக்கு ஏற்ற சொல் வினாநிரலுக்கு ஏற்காமற் போவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இனி நான்காம் விடை. 'பல்லைக் கடித்துக்கொண்டு இருத்தல்' என்பது பொறுத்துக்கொள்ளுதலைக் குறிக்கும் மரபுத்தொடர். 'கொள்' என்னும் துணைவினை செயலைத் தன்பால் நிறுத்தி நீளச் செய்கிறது. 'கடித்தான்' என்பது நிகழ்ந்து முடிந்த செயல். 'கடித்துக்கொண்டிருந்தான்' என்பது நீடித்த நிலை. இலக்கணப்படி நோக்கினால் ஓசையற்ற நீடித்த இறுக்கத்தைக் குறிக்க இவ்வடிவமே தக்கது. ஆனால் அவ்வடிவத்தை மரபுத்தொடர் முன்பே கைக்கொண்டுவிட்டது. குடும்பச் சுமையோடு வந்திருக்கும் பெண்ணிடம் "பகலில் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பீர்களா?" என்று கேட்டால் அவர் தாடையை எண்ணிப் பார்ப்பதில்லை, மாமியாரையும் கடன் தவணையையும் எண்ணிப் பார்க்கிறார். விடை 'ஆமாங்க'. மருத்துவர் அதைத் தாடைக்குரிய விடையாக எழுதிக்கொள்கிறார். மரபுத்தொடர் உடலனுபவத்திலிருந்தே பிறந்தது, ஆகவே அவ்விடையும் பொய்யாகாது என்று வாதிடலாம். அவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. மன இறுக்கமும் தாடை இறுக்கமும் தொடர்புடையனவே. ஆயினும் கண்டறிதலுக்கு அது போதாது. துயரைப் பொறுப்பவர் அனைவரும் பல்லை இறுக்குவதில்லை.

'ஆம்' என்னும் இடைச்சொல்

தமிழ் பின்தங்கும் இடம் இதுவானால், முந்திநிற்கும் இடமும் ஒன்று உண்டு. 'கடிக்கறனுங்க' என்பதற்கும் 'கடிக்கறனாமுங்க' என்பதற்கும் இடையே உள்ளது ஓர் இடைச்சொல். பிறர் சொல்லக் கேட்டதை உணர்த்தும் இவ் 'ஆம்', பேசுபவர் செய்தியை நேரே அறியவில்லை என்பதைத் தானாகவே அறிவிக்கிறது. தன்மை வினைமுற்றோடு அது சேரும்போது ஒரு விந்தை நிகழ்கிறது. தான் செய்ததைத் தானே கேள்விப்பட்டதாகச் சொல்ல எவருக்கும் பொதுவாகத் தேவை எழுவதில்லை. தூக்கம், மயக்கம், குழந்தைப் பருவம் ஆகிய இடங்களில்தான் தன்மையும் 'ஆ'மும் இயல்பாகச் சேர்கின்றன. 'தூக்கத்தில் பேசினேனாம்', 'குறட்டை விடுகிறேனாம்', 'பல்லைக் கடிக்கிறேனாம்'.

தூக்கத்தில் நிகழும் பல் அரைப்பைப் பற்றி நோயாளி சொல்லக்கூடிய நேர்மையான விடை இவ்வடிவமே. சான்று யாருடையது, எப்புலனால் பெறப்பட்டது என்பதெல்லாம் அதனுள் அடங்கியிருக்கின்றன. ஆங்கில வினாநிரல்கள் 'உங்களுக்குக் கிடைத்த எத்தகவலின் அடிப்படையிலும்' என்று ஒரு தனித்தொடரைச் சேர்த்தே இதனைச் சமாளிக்கின்றன. தமிழ் நோயாளி ஓர் அசையில் சொல்கிறார். ஆனால் 'ஆம் / இல்லை' என்று அச்சிட்ட படிவத்தில் உடன்பாட்டு 'ஆம்' குறியிடப்படும்போது, கேள்விப்பட்டதை உணர்த்திய இடைச்சொல் 'ஆம்' மறைந்துபோகிறது.

நோய்க்குறிப்பை எழுதும் இளம் மருத்துவர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதுகிறார். மொழிபெயர்ப்பில் முதலில் உதிர்வது இடைச்சொல்லே. 'கணவர் கேட்டதாகக் கூறுகிறார்' என்று ஒரு வரி கூடுதலாக எழுதினால், அது அரைப்பொலி கேட்கப்பட்டது என்பதற்குச் சான்றாகும். 'முன்பு பார்த்த டாக்டர் சொன்னார்' என்பது அத்தகைய சான்றன்று. இரண்டிலும் நோயாளி சொல்வது 'கடிக்கறனாமுங்க' என்றே இருக்கலாம். 'ஆம்' கேட்டவுடன் "யார் சொன்னாங்க?" என்று அடுத்து வினவுதல் வேண்டும்.

வினாநிரலைத் தமிழாக்கல்

வாய்ப் பழக்கங்களை அறியப் பரவலாகக் கையாளப்படும் வினாநிரல் ஒன்றில் 21 வினாக்கள் உள்ளன. விழிப்பில் பற்களை அரைத்தல், பற்களை இறுக்குதல், உண்ணாத நேரத்தில் பற்கள் பட்டபடி வைத்திருத்தல், பற்கள் படாமலே தாடைத் தசையை விறைத்துப் பிடித்தல் ஆகிய நான்கும் அதில் தனித்தனி வினாக்கள். பகலில் இடையிடையே ஒலியெழுப்பி அந்நொடியில் தாடை எந்நிலையில் உள்ளது என்று கேட்கும் கைப்பேசிச் செயலியும் வந்துள்ளது. தளர்ந்த நிலையையும் சேர்த்து ஐந்து நிலைகளுள் ஒன்றை நோயாளி தெரிவு செய்ய வேண்டும். நான்கையும் 'பல்லைக் கடித்தல்' என்று பெயர்த்துவிட்டு 'இலேசாக', 'பலமாக' என்று அடை சேர்த்தால் வினாநிரல் பயனற்றதாகிவிடும்.

பன்னாட்டு நெறிகள் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க மீள்மொழிபெயர்ப்பைக் கோருகின்றன. இச்சிக்கலை அது காட்டிக்கொடுக்காது. மீள்பெயர்ப்பவர் சூழலை அறிந்தவர். 'பல்லைக் கடித்தல்' என்பதைக் கண்டதும் உரிய ஆங்கிலச் சொல்லையே எழுதிவிடுவார். தாளில் பொருத்தம் தெரியும், நோயாளியின் செவியில் தெரியாது.

கோவையில் அரைத்தலுக்கு ஓர் உவமை வீட்டுக்கு வீடு உண்டு. மாவரைக்கும் கிரைண்டர் அவ்வூரின் படைப்பு. புவிசார் குறியீடு பெற்றது. குழவியும் கல்லும் உரசுவதுபோல மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பக்கவாட்டில் உரசுதல் என்று சொன்னால் விளக்கம் தேவையில்லை. ஆகவே முதற்செயலுக்குப் 'பல் அரைத்தல்' போதும். இறுக்குதலுக்குக் கலைச்சொல் தேடாமல் உடல்நிலையை விரித்துரைப்பதே நன்று: 'மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று அழுத்தும்படி வாயை இறுக்கி வைத்துக்கொள்ளுதல்'. மூன்றாவதற்கு 'எதையும் தின்னாதபோதும் பல்லோடு பல் பட்டுக்கொண்டிருத்தல்'. நான்காவதற்குப் 'பல் படாமலே தாடையை விறைப்பாகப் பிடித்துக்கொள்ளுதல்'.

மூன்றாவது வினாவுக்கு முன் ஒரு விளக்கமும் வேண்டும். உதடுகள் மூடியிருக்கும்போது பற்கள் படாமல், இடையில் ஏறத்தாழ 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதே ஓய்வுநிலை. வாயை மூடுதலும் பல்லை மூடுதலும் ஒன்றென எண்ணுபவர், நாள் முழுதும் பல் பட்டபடி இருந்தாலும் அதனை இயல்பெனக் கொண்டு 'இல்லை' என்றே விடையளிப்பார்.

உறுப்புப் பெயர்களிலும் வட்டார வழக்கைக் கருத வேண்டும். 'தாடை' என்று அச்சிட்டால் கன்னத்தை எண்ணுவோரும் உண்டு, மோவாயை எண்ணுவோரும் உண்டு. கொங்குப் பேச்சில் 'தாவாக்கட்டை', 'கொமட்டு' போன்ற சொற்கள் இடத்தைத் தெளிவாகச் சுட்டுகின்றன. பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதியைப் புனைகதை ஆய்வாளரே மிகுதியும் நாடுகின்றனர். மருத்துவ வினாநிரல் வகுப்போரும் அதனை நாடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து நூல்கள் வெளியிட்டார். கோவையிலிருந்து 'கலைக்கதிர்' அறிவியல் தமிழை வளர்த்தது. இம்முயற்சிகள் பெரும்பாலும் மருத்துவரும் அறிஞரும் பேசும் சொல்லை நோக்கியவை. நோயாளி பேசும் சொல்லைத் தொகுப்பது இன்னும் தமிழ்த்துறைகளின் பணியாகக் கருதப்படவில்லை.

வினாநிரல் எவ்வளவு திருந்தினாலும் ஒரு சாராரிடம் அது செல்லாது. திருமணமாகாமல் விடுதி அறையில் தனியே உறங்கும் ஆலைத் தொழிலாளிக்கும், பிள்ளைகள் வெளியூர் சென்றபின் தனித்து வாழும் முதியவருக்கும் இரவொலியைக் கேட்டுச் சொல்ல ஆளில்லை. அவர்தம் விடையில் 'ஆம்' என்னும் இடைச்சொல் வர வழியே இல்லை. "தெரியலீங்க" என்பார்கள். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லையென்றால் அது 'இல்லை' என்றே எழுதப்படும்.